சிமுலேஷன் சிதறும்போது எங்கே பார்ப்பது: அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

பாய்ம ஓட்டக் கணக்கு சிதறிப்போனதும், அதாவது எண்கள் கட்டுமீறிப் பெருகியதும், பெரும்பாலானோரின் கை நேரே தளர்வுக் காரணிக்குத்தான் (ஒவ்வொரு சுற்றிலும் விடை எவ்வளவு மாறலாம் என்று கட்டுப்படுத்தும் எண்) போகிறது. 0.7 என்று இருந்ததை 0.3 ஆக்குவார்கள், அடுத்து அது 0.1 ஆகும், கணக்கு எப்படியோ ஓடி முடியும். நோய் உள்ளேயே இருக்கும், வலி மட்டும் தெரியாது. என் அனுபவத்தில், எந்த அறிகுறிக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த செல்லில் (கணக்குக்காக இடத்தைப் பிரித்த சிறு துண்டுகளில் எதில்)? இடம் தெரிந்துவிட்டால் காரணம் பாதி தெரிந்த மாதிரி.

கீழே உள்ளவை ஃபைனைட் வால்யூம் முறையில் (ஒவ்வொரு செல்லுக்கும் வரவு செலவு பார்க்கும் முறை) இயங்கும் எந்த சால்வருக்கும், அதாவது தீர்க்கும் நிரலுக்கும், பொருந்தும். பெயர் சொல்ல வேண்டிய இடங்களில் ஓபன்ஃபோம் என்ற இலவச மென்பொருளைச் சொல்கிறேன். தொடங்கும் முன் இரண்டு காரியம்: ஓடாத கேஸை அப்படியே நகலெடுத்து வையுங்கள், ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி ஓடவைத்தால், அடுத்த முறை அதே பிழை வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

## அறிகுறி 1: முதல் சில சுற்றுகளிலேயே சிதறுகிறது

மிதவைப்புள்ளிப் பிழை என்று சொல்லி நிரல் நிற்கும், அல்லது எல்லா எண்களும் என்ஏஎன் (‘எண் அல்ல’ என்ற குறி) ஆகியிருக்கும். பத்து இருபது சுற்றுக்குள் இப்படி ஆனால் எண்முறையைச் சந்தேகிக்கத் தேவையே இருக்காது. கொடுத்த தரவில்தான் கோளாறு.

முதலில் அலகு. வடிவத்தை முக்கோணங்களாகச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகு என்று எதுவும் கிடையாது, வெறும் எண்கள்தான். மில்லிமீட்டரில் வரைந்த 200 மி.மீ. குழாயை ஓபன்ஃபோம் 200 மீட்டர் குழாயாக எடுத்துக்கொள்ளும். ஓபன்ஃபோமின் செக்மெஷ் கட்டளையை ஓட்டினால் மெஷ்ஷின் (எல்லா செல்களும் சேர்ந்த வலையின்) எல்லைப் பெட்டி அளவு வரும். அதை உண்மையான பொருளின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்து பாகுநிலை. அமுக்கமுறா ஓட்டத்துக்கான ஓபன்ஃபோம் சால்வர்கள் அடர்த்தியால் வகுத்த பாகுநிலையைக் கேட்கின்றன. அறை வெப்பநிலையில் நீருக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 0.000001 சதுர மீட்டர். வகுக்காத மதிப்போ 0.001 பாஸ்கல்-வினாடி. மாற்றிப் போட்டால் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தை நீளத்தால் பெருக்கி, அடர்த்தியால் வகுத்த பாகுநிலையால் வகுத்தது) ஆயிரம் மடங்கு பிசகும். காற்றில் இந்தப் பிழை கண்ணில் படாது, 0.000015, 0.000018 என்று இரு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் விடை ஓரளவு சரியாகவே தெரியும். அதே கேஸை நீருக்கு மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே ரெனால்ட்ஸ் எண்ணைக் காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

பிறகு எல்லை நிபந்தனை. நுழைவாயிலில் திசைவேகம், வெளிவாயிலில் அழுத்தம் என்ற இணைதான் மிகவும் உறுதியானது. இரண்டிலும் திசைவேகத்தைக் கொடுத்திருந்தால், உள்ளே வரும் அளவும் வெளியே போகும் அளவும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. முழுவதும் மூடிய பெட்டியென்றால் அழுத்தத்துக்கு ஏதாவது ஒரு செல்லில் ஒப்பீட்டு மதிப்பு கொடுத்தாக வேண்டும். நுழைவாயில் திசைவேகத்தின் குறியையும் பாருங்கள். மைனஸ் ஒன்று விட்டுப்போனால் நுழைவாயில் உறிஞ்சும் வாயிலாகிவிடும்.

தொடக்க மதிப்புகள். கொந்தளிப்பு மாதிரி போட்டுவிட்டு, அதன் தொடக்க மதிப்பைச் சுழியமாக விட்டால் முதல் சுற்றிலேயே சுழியத்தால் வகுத்தல் நடக்கும். கொந்தளிப்பு ஆற்றலைக் கணக்கிடுவது எளிது: திசைவேகத்தைக் கொந்தளிப்புச் செறிவால் பெருக்கி, வர்க்கப்படுத்தி, 1.5-ஆல் பெருக்க வேண்டும். வினாடிக்கு 10 மீட்டர், செறிவு 5 சதவீதம் என்றால் 0.375 வருகிறது. 0.1 மீட்டர் விட்டக் குழாயில் நீள அளவை விட்டத்தின் 0.07 பங்காக எடுத்தால், ஒமேகா (கொந்தளிப்பு சிதையும் வீதத்தைக் குறிக்கும் அளவு) வினாடிக்குச் சுமார் 160. கொந்தளிப்பு ஆற்றலை ஒமேகாவால் வகுத்தால் வருவது கொந்தளிப்புப் பாகுநிலை. அது காற்றின் பாகுநிலையைப் போல ஏறத்தாழ 156 மடங்கு. இந்த விகிதம் பத்திலிருந்து சில நூறுக்குள் இருந்தால் கவலையில்லை. லட்சத்தைத் தொட்டால் நீள அளவில் தவறு இருக்கிறது.

இவ்வளவும் சரியென்றால் செல்லைத் தேடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கோப்பு எழுதச் சொல்லி மறுபடி ஓட்டி, என்ஏஎன் வருவதற்கு முந்தைய சுற்றை, முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூவில் திறவுங்கள். திசைவேகத்துக்கு வரம்பு வடிகட்டி போட்டு, நுழைவாயில் வேகத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருப்பதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். வழக்கமாகத் தெரியும் காட்சி இது: லட்சக்கணக்கான செல்கள் மறைந்துபோய், ஒரு மூலையில் இரண்டோ மூன்றோ மட்டும் நிற்கும். மெல்லிய தகடு குழாய்ச் சுவரைத் தொடும் இடம். இரு பரப்பும் கூர்கோணத்தில் சேர்ந்து ஓர் ஆப்புபோல ஒடுங்கும். அங்கே செல் கத்திமுனைபோல் நசுங்கியிருக்கும். சுற்றிலும் வேகம் 5, அந்த ஒரு செல்லில் 4,000.

அந்த செல்லின் செங்குத்தின்மைக் கோணத்தை (பக்கத்து செல் மையங்களை இணைக்கும் கோடு, இடையிலுள்ள முகத்தின் செங்குத்திலிருந்து விலகும் கோணம்) பாருங்கள். செக்மெஷ் 70 டிகிரிக்கு மேல் போனவற்றை எச்சரித்துச் சொல்லும். 70 முதல் 80 வரை இருந்தால் செங்குத்தின்மைத் திருத்தச் சுற்றுகள் இரண்டைச் சேர்த்து, சரிவுத் திருத்தத்தை 0.5 அல்லது 0.33 எனக் கட்டுப்படுத்தினால் ஓடிவிடும். அதற்கு மேல் என்றால் மெஷ்ஷைத்தான் திருத்த வேண்டும்: கூர்கோணத்தில் சிறு வளைவு கொடுங்கள், அல்லது அந்தப் பிளவை அடைத்துவிடுங்கள். ஓட்டத்துக்கு முக்கியமில்லாத அரை மில்லிமீட்டர் இடுக்கைக் காப்பாற்றுவதற்காகக் கணக்கையே பலிகொடுக்க வேண்டாம்.

இன்னும் காரணம் பிடிபடவில்லையா? பாகுநிலையை நூறு மடங்கு கூட்டி, கொந்தளிப்பு மாதிரியை அணைத்து, எல்லாச் சமன்பாட்டுக்கும் முதல்படி அப்விண்ட் ஸ்கீம் (ஓட்டம் வரும் பக்கத்து செல்லின் மதிப்பை அப்படியே எடுக்கும் எளிய கணக்கு முறை) போட்டு ஓட்டுங்கள். தேன்போலக் கெட்டியான பாய்மம்கூட சிதறினால் குற்றம் மெஷ்ஷிலோ எல்லை நிபந்தனையிலோதான். ஓடினால், நீக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அங்கே நில்லுங்கள்.

எப்போது வல்லுநரை அழைப்பது: கெட்டிப் பாய்மச் சோதனையும் சிதறி, செக்மெஷ்ஷும் குறை சொல்லவில்லை என்றால். இனி நீங்கள் தனியாகத் தேடுவது நேர விரயம்.

## அறிகுறி 2: நன்றாக ஓடிக்கொண்டிருந்து நடுவில் சிதறுகிறது

கூரன்ட் எண். கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-இல் சொன்ன நிபந்தனை இன்றைக்கும் நேரம் சார்ந்த கணக்குகளின் முதல் காவல். ஒரு காலப்படியில் பாய்மம் கடக்கும் தூரத்தை செல்லின் நீளத்தால் வகுத்தால் வருவது இந்த எண். வெளிப்படை முறைகளில் (முந்தைய படியின் மதிப்புகளை மட்டும் வைத்து அடுத்த படியைக் கணக்கிடுபவை) 1-ஐத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு காலப்படியிலும் அழுத்தத்தைப் பலமுறை திருத்தும் பைசோ முறையிலும் 1-க்குள் வைப்பதே நல்லது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வேகம் 10, செல் 1 மி.மீ., ஆகவே காலப்படி 0.0001 வினாடி என்று நுழைவாயிலை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஓட்டம் ஒடுங்கும் கழுத்தில் வேகம் 40 ஆகியிருக்கும், அங்கே செல்லும் 0.2 மி.மீ. ஆகச் சிறுத்திருக்கும். அந்த இடத்துக்கு வேண்டியது 0.000005 வினாடி, இருபதில் ஒரு பங்கு. தொடக்கத்தில் பாய்மம் கழுத்தை எட்டாததால் கணக்கு ஓடும்; எட்டியதும் விழும். லாக் கோப்பில் சராசரி கூரன்ட் எண்ணை விட்டுவிட்டு உச்ச மதிப்பைப் பாருங்கள். காலப்படியைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி சால்வரில் இருந்தால் அதை இயக்கி விடுங்கள். காலப்படி ஓயாமல் சுருங்கிக்கொண்டே போனால் அது வேறு நோய். எங்கோ ஒரு செல்லில் வேகம் செயற்கையாக ஏறுகிறது என்று பொருள். அறிகுறி 1-இல் சொன்ன செல் தேடலுக்குத் திரும்புங்கள்.

வெளிவாயிலில் பின்னோட்டம். சுழல் ஒன்று வெளிவாயிலை எட்டும்போது அதன் ஒரு பக்கம் உள்நோக்கி வீசும். உள்ளே வருவதற்கு என்ன மதிப்பு என்று சொல்லப்படாத வாயிலில் அது வந்தால் கணக்கு கலையும். பின்னோட்டம் வந்தால் என்ன மதிப்பு எடுக்க வேண்டும் என்று குறிப்பிடும் நிபந்தனை (ஓபன்ஃபோமில் இன்லெட்அவுட்லெட்) போடுவது எளிய தீர்வு. சரியான தீர்வு வெளிவாயிலைத் தள்ளி வைப்பது: தடைப்பொருளின் அகலத்தைப் போலப் பத்து, பதினைந்து மடங்கு தூரமாவது கொடுங்கள்.

ஸ்கீம் மாற்றிய உடனே சிதறியதா? முதல்படி அப்விண்டில் பாதி தூரம் ஓட்டிவிட்டு இரண்டாம்படிக்கு மாறுவது நல்ல பழக்கம். மாறியதும் விழுந்தால், லிமிட்டர் (செயற்கை அலைகள் எழாமல் மட்டுப்படுத்தும் கட்டுப்பாடு) உள்ள ஸ்கீமுக்குப் போங்கள். கொந்தளிப்புச் சமன்பாடுகளை மட்டும் முதல்படியிலேயே சில நூறு சுற்று விட்டுவையுங்கள். கொந்தளிப்பு ஆற்றல் சுழியத்துக்குக் கீழே போனதால் உயர்த்தப்பட்டது என்ற செய்தி லாக்கில் தொடர்ந்து வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். தொடக்கச் சுற்றுகளில் வந்து மறைந்தால் பரவாயில்லை. ஆயிரம் சுற்று கழிந்தும் வந்தால் அந்த இடத்தில் மெஷ் கெட்டிருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் தளர்வுக் காரணி. படன்கரும் ஸ்பால்டிங்கும் 1972-இல் வெளியிட்ட சிம்பிள் முறையில் அழுத்தத்துக்கு 0.3, உந்தத்துக்கு 0.7 என்பது வழக்கமான தொடக்கம். இரண்டும் சேர்ந்து 1 ஆவது நல்லது. அதன் திருத்திய வடிவமான சிம்பிள்சி வகையில் 0.9 வரை போகலாம். உந்தத்தை 0.5 வரை இறக்கிப் பாருங்கள். 0.3-க்குக் கீழே போனால்தான் ஓடும் என்ற கேஸை நான் நம்புவதில்லை. அதில் மேலே சொன்ன ஏதோ ஒன்று தீராமல் இருக்கிறது.

## அறிகுறி 3: எச்சம் இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்கிறது

எச்சத்தின் (ரெசிடுவல், சமன்பாடுகள் இன்னும் எவ்வளவு நிறைவேறவில்லை என்ற அளவு) வரைபடம் 0.001 அருகே வந்து அதற்குக் கீழே போக மறுக்கிறது. முதல் வேலை, எச்சத்தை விட்டுவிட்டு உங்களுக்கு வேண்டிய எண்ணைப் பார்ப்பது: இழுவிசை, அழுத்த வீழ்ச்சி, வெளிவாயில் வெப்பநிலை, எதுவானாலும். அது கடைசி ஐந்நூறு சுற்றில் அசையாமல் இருக்கிறதா? நுழைவும் வெளியேற்றமும் சமமா? ஆம் என்றால் கணக்கு முடிந்தது. எச்சத்தை அளவிடும் வகுத்தல் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், 0.001 என்ற எண்ணுக்குத் தனியாகப் புனிதம் கிடையாது.

அந்த எண் ஏறி இறங்குகிறதென்றால், ஏற்ற இறக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒழுங்கான அலை என்றால், பெரும்பாலும் ஓட்டமே நிலையற்றது. உருளையின் பின்னால் ரெனால்ட்ஸ் எண் 47 அளவைத் தாண்டினாலே சுழல்கள் மாறி மாறி உதிரத் தொடங்கும். நிலையான தீர்வைத் தேடும் சால்வர், இயற்கையில் நிலைக்காத ஒன்றைத் தேடி அலைகிறது. நேரம் சார்ந்த சால்வருக்கு மாறுங்கள். காலப்படிக்கு ஒரு கைக்கணக்கு: வினாடிக்கு 1 மீட்டர் வேக நீரில் 2 செ.மீ. உருளை என்றால், ஸ்ட்ரூஹால் எண் (சுழல் உதிரும் அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தது) 0.2 வைத்து வினாடிக்கு 10 சுழற்சி. ஒரு சுழற்சி 0.1 வினாடி, அதை நூறு பங்காவது போடுங்கள், அதாவது 0.001 வினாடி. கூரன்ட் எண் இதைவிடச் சிறியதைக் கேட்டால் அதற்கே கட்டுப்படுங்கள்.

ஒழுங்கில்லாமல் சிறிதாகத் துடித்தால் லிமிட்டரைச் சந்தேகியுங்கள். சில லிமிட்டர்கள் அடுத்தடுத்த சுற்றுகளில் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். வழவழப்பான வகைக்கு மாற்றினால் எச்சம் மேலும் இறங்கும். ஒற்றைத் துல்லியத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஏழு இலக்கத் துல்லியத்தில், பெரிய பின்னணி அழுத்தத்தின் மேல் சின்ன அழுத்த வேறுபாட்டைத் தேடினால் கிடைக்காது.

நேரம் சார்ந்த கணக்கு கட்டுப்படியாகாத அளவு பெரிது, ஆனால் ஓட்டம் நிலையற்றது என்று தெரிந்துவிட்டால், அங்கே கொந்தளிப்பு மாதிரியில் அனுபவமுள்ளவரை அழையுங்கள்.

## அறிகுறி 4: எச்சம் அழகாக இறங்கியது, விடை தவறு

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இதுதான். சிதறிய கணக்கு தன் தவறைத் தானே அறிவிக்கிறது. இது அறிவிப்பதில்லை, இதன் வண்ணப் படம் அறிக்கையில் ஏறி, அதை நம்பி யாரோ ஒரு பொருளைச் செய்துவிடுகிறார்கள்.

விடை ஆயிரம் மடங்கு தவறு என்றால் மகிழ்ச்சி, சுலபம்: அமுக்கமுறா ஓபன்ஃபோம் சால்வர் தரும் அழுத்தம் அடர்த்தியால் வகுக்கப்பட்டது. நீருக்கு 1,000-ஆல் பெருக்கினால் பாஸ்கல் வரும். சரியாக இரண்டு மடங்கு அல்லது பாதி என்றால், சமச்சீர்த் தளத்தால் பாதி உடலை மட்டும் கணக்கிட்டுவிட்டு முழுப் பரப்பால் வகுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இருபது முப்பது சதவீதத் தவறு என்றால் சுவருக்குப் போங்கள். சுவரை ஒட்டிய முதல் செல்லின் ஒய் பிளஸ் மதிப்பை (சுவரிலிருந்து உள்ள தூரத்தின் அலகில்லா அளவு) எழுதவைத்துப் பாருங்கள். சுவர்ச் சார்பு (சுவரருகே ஓட்டத்தைச் சூத்திரத்தால் ஈடுசெய்வது) போட்டிருந்தால் 30-க்கும் 300-க்கும் நடுவில். சுவர் வரை நேரடியாகக் கணக்கிடுவதாக இருந்தால் 1 அளவில். 5-க்கும் 30-க்கும் இடைப்பட்ட பகுதியில் இரண்டு முறையும் பொருந்தாது. வினாடிக்கு 10 மீட்டர் காற்று, 1 மீட்டர் தட்டு என்ற கேஸில் ஒய் பிளஸ் 30 என்பது சுவரிலிருந்து சுமார் 1 மி.மீ. தூரம், ஒய் பிளஸ் 1 என்பது 0.03 மி.மீ. சற்று மேல். மெஷ் போடும் முன்பே இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சுழல்கள் மங்கி, கலவை எல்லைகள் தடித்துத் தெரிந்தால் முதல்படி அப்விண்டில் விட்டுவிட்டீர்கள். அந்த ஸ்கீம் சேர்க்கும் போலிப் பாகுநிலை, வேகத்தை செல் நீளத்தால் பெருக்கி இரண்டால் வகுத்த அளவு. வேகம் 10, செல் 5 மி.மீ. என்றால் 0.025. காற்றின் சொந்தப் பாகுநிலையைப் போல 1,600 மடங்குக்கும் மேல்! ஓட்டம் செல் வரிசைக்குக் குறுக்காகச் சாய்ந்து போகும் இடங்களில் இதன் சேதம் அதிகம். முதல்படித் தீர்வு தொடக்கத்துக்கு நல்லது. அதை இறுதி விடையாகக் கொடுக்கக்கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் நம்பிக்கை வரவில்லையென்றால் செலவான சோதனைக்கு வருவோம்: மூன்று மெஷ். ஒவ்வொரு திசையிலும் செல் நீளத்தைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள். முப்பரிமாணத்தில் ஒவ்வொரு படிக்கும் எண்ணிக்கை எட்டு மடங்காகும். இழுவிசைக் கெழு பருமனான மெஷ்ஷில் 1.30, நடுவில் 1.22, நுண்ணியதில் 1.20 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசங்கள் 0.08, 0.02; விகிதம் 4, ஆகவே முறை இரண்டாம்படியாக நடந்துகொள்கிறது. எல்லையில்லாமல் நுண்மையாக்கினால் கிடைக்கும் மதிப்பு ஏறத்தாழ 1.193. ரோச் 1994-இல் முன்வைத்த கட்டக் குவிவுக் குறியீட்டின்படி, 1.25 பாதுகாப்புக் காரணியோடு நுண்ணிய மெஷ்ஷின் நிச்சயமின்மை சுமார் 0.7 சதவீதம். வித்தியாசங்கள் குறையாமல் கூடினாலோ, ஏறி இறங்கினாலோ இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். பருமனான மெஷ் இன்னும் சூத்திரம் பொருந்தும் எல்லைக்குள் வரவில்லை.

மூன்று மெஷ்ஷும் ஒரே விடைக்குக் குவிந்து, அந்த விடை அளவீட்டோடு ஒத்துப்போகாவிட்டால் எண்முறையின் வேலை முடிந்தது. மாதிரியோ அளவீடோ தவறு. சோதனை செய்தவரோடு உட்கார வேண்டிய நேரம்.

## அறிகுறி 5: படத்தில் புள்ளிபுள்ளியாக அலைச்சல்

அழுத்தம் ஒரு செல் விட்டு ஒரு செல் மேலும் கீழுமாக, சதுரங்கப் பலகைபோல் தெரிந்தால், திசைவேகமும் அழுத்தமும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டு இரண்டுக்கும் இணைப்பு அறுந்திருக்கிறது. 1983-இல் ரீ, சௌ இருவரும் தந்த இடைக்கணிப்பு இதற்காகத்தான். புழக்கத்தில் உள்ள பொதுப்பயன் சால்வர்களில் இதுவோ இதற்கு ஈடானதோ ஏற்கெனவே இருக்கும்; சொந்த நிரலில்தான் விடுபட்டிருக்கும்.

திசைவேகத்திலோ வெப்பநிலையிலோ, கூர்மையான மாற்றத்துக்கு அருகில் மட்டும் அலை தெரிந்தால் மையவேறுபாட்டு ஸ்கீம் காரணம். செல் அளவிலான பெக்லே எண் (ஓட்டம் கடத்துவதற்கும் பரவலுக்கும் உள்ள விகிதம்) 2-ஐத் தாண்டியிருக்கும். அந்த இடத்தில் மெஷ்ஷை நுண்மையாக்குங்கள், அல்லது லிமிட்டர் உள்ள ஸ்கீம் போடுங்கள். நேரத்தில் முன்னும் பின்னும் ஆடினால் கிராங்க்-நிக்கல்சன் முறையில் காலப்படி பெரிதாகிவிட்டது. படியைக் குறையுங்கள், அல்லது ஓபன்ஃபோமில் கலப்பு எண்ணை 0.9 ஆக்குங்கள்.

## அறிகுறி 6: சரியாக ஓடுகிறது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது

லாக்கில் அழுத்தச் சமன்பாட்டின் உள்சுற்று எண்ணிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் நூற்றுக்கணக்கில் இருந்தால், பன்மட்டக் கட்ட முறைக்கு மாறுங்கள். நிலையான கணக்கில் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தச் சமன்பாட்டின் எச்சத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு இறக்கினாலே போதும். நேரம் சார்ந்த கணக்கில் கடைசித் திருத்தத்தை மட்டும் இறுக்கமாக வைத்தால் போதும். மில்லியன் செல்லுக்கு ஒன்று முதல் இரண்டு ஜிபி நினைவகம் என்று கணக்கு வையுங்கள். நினைவகம் நிரம்பி வட்டில் எழுதத் தொடங்கிவிட்டால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. கோர் எண்ணிக்கையைக் கூட்டியும் வேகம் கூடவில்லை, ஒரு கோருக்கு இன்னும் சில பத்தாயிரம் செல்களுக்கு மேல் இருக்கிறது என்றால் கிளஸ்டர் நிர்வாகியிடம் பேசுங்கள். கணுக்களுக்கு இடையிலான பிணையத்தை அவர்தான் சோதிக்க முடியும்.

## அறிகுறி 7: நானே எழுதிய நிரல் மட்டும் சிதறுகிறது

நேரத்தில் முன்நோக்கிய ஆய்லர், இடத்தில் மையவேறுபாடு என்று வெறும் கடத்தல் சமன்பாட்டைத் தீர்க்கிறீர்களா? காலப்படியை எவ்வளவு குறைத்தாலும் அந்தச் சேர்க்கை நிலைக்காது. அப்விண்டுக்கு மாறுங்கள். பரவல் உறுப்பை வெளிப்படையாகக் கணக்கிட்டால் பாகுநிலையைக் காலப்படியால் பெருக்கி, செல் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்த எண் ஒரு பரிமாணத்தில் 1/2, இரண்டில் 1/4-க்குள் இருக்க வேண்டும். மெஷ்ஷைப் பாதியாக்கினால் காலப்படி காற்பங்காகும் என்பது இதன் விலை. என்ஏஎன் முதலில் எங்கே பிறந்தது என்று பிடிக்க, மிதவைப்புள்ளிப் பொறியை இயக்கித் தொகுத்தால் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

சரிபார்க்க, மூடி நகரும் சதுரப் பெட்டியைத் தீருங்கள். கியா, கியா, ஷின் மூவரும் 1982-இல் 129×129 கட்டத்தில் தந்த எண்கள் இன்றும் உரைகல். ரெனால்ட்ஸ் எண் 100-இல் நடுச் செங்குத்துக் கோட்டில் கிடைத்திசை வேகத்தின் மிகக் குறைந்த மதிப்பு −0.2109, 1000-இல் −0.3829. முதல் எண் வந்து இரண்டாவது வரவில்லையென்றால் கடத்தல் ஸ்கீமில் போலிப் பாகுநிலை அதிகம். இரண்டும் வரவில்லையென்றால் எல்லைச் செல்களின் குறியீட்டெண்களைப் பாருங்கள்.

## உதவி கேட்கும்போது எதை அனுப்புவது

சிதறிய படத்தை மட்டும் அனுப்பினால் எந்த வல்லுநராலும் எதுவும் சொல்ல முடியாது. செக்மெஷ் அறிக்கை, எல்லை நிபந்தனைக் கோப்புகள், லாக்கின் முதல் ஐம்பது வரியும் கடைசி இருநூறு வரியும், கைக்கணக்கில் போட்ட ரெனால்ட்ஸ் எண், சிதறிய செல்லின் ஆயத்தொலைகள், இதுவரை மாற்றிப் பார்த்தவை ஒவ்வொன்றும் என்ன விளைவு தந்தது என்ற குறிப்பு. இயன்றால், அதே பிழையைக் காட்டும் மிகச் சிறிய கேஸ் ஒன்றையும் சேருங்கள். சில ஆயிரம் செல்லில் அதே சிதறலை வரவழைக்க முடிந்தால், பார்ப்பவர் சில நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவார்.